ஊரறிந்த ரகசியங்கள்: அமெரிக்கத் தெற்கின் கிராமப்புற நாவல்கள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் தென்மாநிலக் கிராமங்களில் நிகழும் நாவல்களில், ஒரு குடும்பம் மறைத்து வைத்த உறவும் அந்த ஊரின் கறுப்பர்–வெள்ளையர் உறவும் பெரும்பாலும் ஒரே கதையாகவே இருக்கும். இவற்றைப் புதிதாகப் படிக்கத் தொடங்கும் நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும் நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். பதில்களில் சில நாவல்களின் முடிச்சு அவிழ்ந்துவிடுகிறது. அதைத் தவிர்க்க வழி தெரியவில்லை.

"தெற்கு" என்று எந்தப் பகுதியைச் சொல்கிறார்கள்?

1860–61இல் அமெரிக்க ஒன்றியத்திலிருந்து பிரிந்து தனிக் கூட்டமைப்பு கண்ட 11 மாநிலங்களைத்தான் முதலில் நினைக்க வேண்டும். மிசிசிப்பி, அலபாமா, ஜார்ஜியா, லூசியானா, தென் கரோலினா, வர்ஜீனியா ஆகியவை நாவல்களில் அடிக்கடி வருபவை. அடிமை முறை இருந்தும் பிரிந்து போகாத மேரிலாந்தும் சில கதைகளுக்குக் களமாகியிருக்கிறது. வில்லியம் ஃபாக்னர் தமக்கென்று ஒரு கற்பனைக் கவுண்டியையே (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) மிசிசிப்பியில் உருவாக்கிக்கொண்டார். 1936இல் வெளிவந்த 'அப்சலோம், அப்சலோம்!' நாவலோடு அவர் வரைந்து சேர்த்த வரைபடத்தில் அந்தக் கவுண்டியின் மக்கள்தொகை வெள்ளையர் 6,298, கறுப்பர் 9,313 என்று குறிக்கப்பட்டிருக்கிறது; கீழே, இதன் ஒரே உரிமையாளர் வில்லியம் ஃபாக்னர் என்று கையெழுத்துப் போலப் போட்டிருக்கிறார். எண்ணிக்கையில் கூடுதலானவர்கள் கறுப்பர், உரிமையாளர் ஒரு வெள்ளையர் என்ற அந்தக் குறும்பு தற்செயலானதா என்று எனக்கு இன்றும் ஒரு சந்தேகம் உண்டு.

இந்தக் கதைகளில் ஏன் எப்போதும் ஒரு குடும்ப ரகசியம் வருகிறது?

இதற்கு 1662இல் வர்ஜீனியாவில் இயற்றப்பட்ட ஒரு சட்டத்திலிருந்து தொடங்க வேண்டும். பிறக்கும் பிள்ளை அடிமையா இல்லையா என்பதைத் தாயின் நிலையைக் கொண்டே முடிவு செய்ய வேண்டும் என்றது அச்சட்டம். ஆங்கிலேயர் வழக்கப்படி தந்தை வழியாகவே பிள்ளைக்கு நிலையும் பெயரும் வரும். அந்த வழக்கத்தைப் புரட்டிப் போட்டதால், தோட்ட முதலாளி தம் அடிமைப் பெண்ணிடம் பெற்ற பிள்ளை அவருக்கு வாரிசாகாமல், அவருடைய ஆடுமாடுகளோடும் கலப்பைகளோடும் சொத்துப் பட்டியலில் இன்னொரு உருப்படியாக ஏறியது. மறுக்கும் உரிமையே இல்லாத ஒரு பெண்ணிடம் நடந்ததைக் கள்ளக் காதல் என்று எழுதுவது தவறு. மொழிபெயர்ப்பாளர்கள் சிலர் அப்படி எழுதிவிடுகிறார்கள். ஒரே தகப்பனுக்குப் பிறந்த இருவரில் ஒருவர் மேசையில் உட்கார்ந்து சாப்பிட, மற்றவர் பின்னால் நின்று பரிமாறினார். தகப்பன் இறந்ததும் முன்னவர் பின்னவரை விற்கவும் முடிந்தது.

அடிமை முறை 1865இல் ஒழிந்த பிறகு இந்த மௌனத்துக்கு வேறு சட்டங்கள் காவல் நின்றன. வெள்ளையரும் கறுப்பரும் மணந்துகொள்வதைத் தென்மாநிலங்கள் குற்றமாக்கின. வர்ஜீனியா 1924இல் கொண்டுவந்த சட்டத்தின்படி, மூதாதையரில் ஒருவர் கறுப்பர் என்று தெரிந்தாலே ஒருவர் வெள்ளையர் அல்லாதவராகிவிடுவார். பூர்வகுடி இரத்தத்துக்கு மட்டும் ஒரு சிறு விலக்கு இருந்தது. இத்தகைய மணத்தடைகள் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1967 ஜூன் 12 அன்றுதான் தீர்ப்பளித்தது.

அந்த ரகசியம் உண்மையில் யாருக்குத்தான் தெரியாமல் இருந்தது?

நல்ல கேள்வி, விடை, அநேகமாக யாருக்குமில்லை. தென் கரோலினாவின் தோட்ட முதலாளி ஒருவரின் மனைவியான மேரி செஸ்நட் 1861 மார்ச்சில் தம் நாட்குறிப்பில் இதைக் கசப்போடு எழுதியிருக்கிறார்: ஊரில் உள்ள மற்ற வீடுகளில் வளரும் கலப்பினக் குழந்தைகளுக்குத் தகப்பன் யார் என்று ஒவ்வொரு சீமாட்டியும் சொல்லிவிடுவாள், தன் வீட்டுக் குழந்தைகள் மட்டும் வானத்திலிருந்து விழுந்தவை என்று நினைத்துக்கொள்வாள் என்பது அதன் சாரம்.

நாம் ஊரறிந்த ரகசியம் என்று சொல்வது இதைத்தான். சமையலறைக்குத் தெரியும், பருத்திக் காட்டுக்குத் தெரியும், தேவாலயத்தின் இரண்டு பக்க இருக்கைகளுக்கும் தெரியும். வாய்விட்டுச் சொல்வதற்குத்தான் தடை. சொல்லிவிட்டால் நிலத்தில் யாருக்குப் பங்கு உண்டு என்ற அடுத்த கேள்வி தானாக வந்து நிற்கும். எனவே இந்த நாவல்களைத் துப்பறியும் கதை போல, என்ன நடந்தது என்ற ஆவலோடு மட்டும் படிப்பவர்கள் பாதியில் ஏமாந்து போகிறார்கள். யார் சொல்கிறார், யாரிடம் சொல்கிறார், எதற்காக இத்தனை காலம் பொறுத்திருந்தார் என்று பார்த்துப் படிப்பவர்களுக்கே கதை திறக்கிறது.

கதைசொல்லிகளாகக் குழந்தைகள் அதிகம் வருவதற்கும் இதுவே காரணம் என்பது என் கணிப்பு. எதைக் கேட்கக் கூடாது என்று அவர்களுக்கு இன்னும் பழகவில்லை. மில்ட்ரெட் டி. டெய்லர் 1976இல் எழுதிய 'ரோல் ஆஃப் தண்டர், ஹியர் மை க்ரை' நாவலின் தொடக்கத்தில், மிசிசிப்பியின் கறுப்பர் பள்ளி ஒன்றில் குழந்தைகளுக்குப் பாடப்புத்தகம் கொடுக்கிறார்கள். அட்டையின் உட்பக்கத்தில் ஓர் அட்டவணை: எந்த ஆண்டு, எத்தனையாவது முறை, புத்தகத்தின் நிலை, மாணவரின் இனம். முதல் 11 முறையும் அது வெள்ளைக் குழந்தைகளிடம் போயிருக்கிறது. நிலை "மிக மோசம்" என்றான பிறகே 12ஆவது முறையாகக் கறுப்புக் குழந்தைக்கு வந்திருக்கிறது. எழுதப் படிக்கத் தெரிந்த ஆறு வயதுப் பையன் அதைப் படித்துவிட்டுப் புத்தகத்தைத் தரையில் போட்டு மிதிக்கிறான். அதே பள்ளியில் ஆசிரியையாக இருக்கும் அவன் தாய், அந்த அட்டவணையின் மேல் காகிதம் வெட்டி ஒட்டுகிறாள். மறைப்பதற்காக ஒட்டும் காகிதமே எதிர்ப்பாகிவிடும் காட்சி அது.

ரகசியம் பெரும்பாலும் எங்கிருந்து வெளிப்படுகிறது?

காகிதத்திலிருந்து. உயில், வீட்டு பைபிளின் முன்பக்கங்களில் எழுதி வைத்த பிறப்பு இறப்புக் குறிப்புகள், பழைய கடிதம், எல்லாவற்றுக்கும் மேலாகத் தோட்டத்துக் கணக்குப் பேரேடு.

இவற்றில் என்னை மிகவும் உலுக்கியது ஃபாக்னரின் 'கோ டவுன், மோசஸ்' என்ற 1942ஆம் ஆண்டு நூலில் வரும் பேரேட்டுக் காட்சி. ஐசக் மெக்காஸ்லின் என்ற 16 வயதுப் பையன், தன் குடும்பத்தின் தோட்டக் கடையில் தூசி படிந்த பேரேடுகளை எடுத்துப் பிரித்து உட்காருகிறான். அவன் தந்தையும் பெரியப்பாவும் இரட்டையர். மாற்றி மாற்றிப் பிழை மலிந்த எழுத்தில் குறிப்பு எழுதி, ஒருவருக்கொருவர் பேரேட்டிலேயே பேசிக்கொண்டவர்கள். யூனிஸ் என்ற அடிமைப் பெண்ணைப் பற்றிய பதிவு அவன் கண்ணில் படுகிறது. 1807இல் நியூ ஆர்லியன்ஸில் 650 டாலருக்கு வாங்கப்பட்டாள், 1809இல் மணமானாள், 1832 கிறிஸ்துமஸ் நாளில் ஓடையில் மூழ்கி இறந்தாள். சில மாதம் கழித்து ஒருவர் எழுதுகிறார்: தானே மூழ்கிச் செத்தாள். இரண்டு நாள் கழித்து மற்றவர் எழுதுகிறார்: ஓர் அடிமை தானே மூழ்கிச் செத்ததாக யார் எங்கே கேள்விப்பட்டிருக்கிறார்கள்? ஆகஸ்டில் முதல்வர் மறுபடியும் எழுதுகிறார்: தானே மூழ்கிச் செத்தாள். அவ்வளவுதான், வேறு விளக்கம் ஏதும் பேரேட்டில் இல்லை.

பையன் பக்கங்களைப் புரட்டுகிறான். யூனிஸின் மகள் டோமசினா மணமாகாமலே கருவுற்று, 1833 ஜூனில் பிரசவத்தில் இறந்திருக்கிறாள். அவள் பெற்ற மகனுக்குத் தன் தாத்தா உயிலில் 1,000 டாலர் எழுதி வைத்திருக்கிறார். ஓர் அடிமைப் பிள்ளைக்கு எதற்கு 1,000 டாலர்? அந்தப் பிள்ளைக்குத் தாத்தாவே தகப்பன் என்பது அவனுக்கு உறைக்கிறது. அப்படியானால் யூனிஸ் ஏன் மகளின் பிரசவத்துக்கு ஆறு மாதம் முன்பே ஓடையில் இறங்கினாள்? டோமசினாவும் தாத்தாவின் மகளே என்பது அடுத்து உறைக்கிறது. பெற்ற மகளையே கெடுத்தவன் தன் தாத்தா என்பதை யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. தேதிகளையும் தொகைகளையும் கூட்டிக் கழித்து அவனே கண்டுகொள்கிறான். மகனை மகன் என்று அழைப்பதைவிட 1,000 டாலர் மலிவு என்று கிழவர் கணக்குப் போட்டதாக அவனுக்குத் தோன்றுகிறது. 21 வயதில், தனக்கு வர வேண்டிய நிலம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடுகிறான்.

அந்தத் துறவு உயர்ந்ததா என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. நிலத்தை விட்டு ஒதுங்கினால் கைகள் சுத்தமாகலாம். யூனிஸின் வழிவந்தவர்களுக்கு அதனால் ஒரு ஏக்கரும் கிடைக்கவில்லை.

'அப்சலோம், அப்சலோம்!' என்ற தலைப்புக்கு என்ன பொருள்?

தமிழ் விவிலியத்தில் இரண்டாம் சாமுவேல் நூலின் 13ஆம் அதிகாரத்தைப் புரட்டினால் விளங்கும். தாவீதின் மகன் அம்னோன் தன் தங்கை முறையான தாமாரைக் கெடுக்க, அவளுடைய உடன்பிறந்த அண்ணன் அப்சலோம் அவனைக் கொல்லச் செய்கிறான். ஃபாக்னரின் நாவலில் தாமஸ் சட்பென் என்ற தோட்ட முதலாளியின் மகன், தங்கையை மணக்க வந்த நண்பனைத் தோட்டத்து வாயிலில் சுட்டுக் கொல்கிறான். அந்த நண்பன் தன் தந்தையின் முதல் தாரத்து மகன் என்று தெரிந்தபோதும் மனம் இளகியவன், அவன் தாய்வழியில் கறுப்பு இரத்தம் இருக்கிறது என்று தெரிந்ததும் துப்பாக்கியை எடுக்கிறான். முறைகேடான உறவையும் பொறுக்கலாம், நிறத்தைப் பொறுக்க முடியாது என்ற அந்த மனக்கணக்குதான் நாவல் முழுவதும்.

கறுப்பின எழுத்தாளர்கள் இதே ரகசியத்தை வேறு விதமாக எழுதுகிறார்களா?

அடியோடு வேறு விதமாக எழுதுகிறார்கள். வெள்ளைக் குடும்பத்துக்கு மறைக்க வேண்டிய ஆவணம் நிறைய இருந்தது. கறுப்புக் குடும்பத்துக்குத் தேடினாலும் ஆவணம் கிடைப்பதில்லை. 1850, 1860 ஆம் ஆண்டுகளின் மக்கள் கணக்கெடுப்பில் அடிமைகள் தனிப் பட்டியலில் வருகிறார்கள். முதலாளியின் பெயருக்குக் கீழே வயது, பால், நிறம் மட்டும் இருக்கும், அடிமையின் பெயர் பெரும்பாலும் இருக்காது. விடுதலை பெற்றவர்கள் எல்லோரும் பெயரோடு எண்ணப்பட்டது 1870இல்தான். விற்கப்பட்டுப் பிரிந்துபோன தாயையும் தம்பியையும் தேடி அவர்கள் பத்திரிகைகளில் விளம்பரம் கொடுத்தார்கள். நியூ ஆர்லியன்ஸிலிருந்து வந்த ஒரு கிறிஸ்தவ வார இதழ் இதற்கென்றே ஒரு பகுதி வைத்திருந்தது. கட்டணம் 50 சென்ட், சந்தாதாரருக்கு இலவசம். அந்த அறிவிப்புகளை ஞாயிற்றுக்கிழமை மேடையிலிருந்து படித்துக் காட்டும்படி போதகர்களைக் கேட்டுக்கொண்டது அந்த இதழ்.

ஆக்டேவியா பட்லர் 1979இல் எழுதிய 'கிண்ட்ரெட்' இந்த இடத்திலிருந்து தொடங்குகிறது. 1976இல் கலிஃபோர்னியாவில் வாழும் டானா என்ற கறுப்பினப் பெண், காரணம் தெரியாமல் 19ஆம் நூற்றாண்டின் மேரிலாந்துத் தோட்டத்துக்கு இழுக்கப்படுகிறாள். அங்கே சாகக் கிடக்கும் வெள்ளைச் சிறுவன் ஒருவனைக் காப்பாற்றுகிறாள். அவனுடைய பெயரைத் தன் வீட்டு பைபிளில் பார்த்த நினைவு அவளுக்கு வருகிறது. அவன் தன் மூதாதை. தன் வம்சம் பிறக்க வேண்டுமானால் அவன் வளர்ந்து, ஓர் அடிமைப் பெண்ணை வன்புணர்வதற்கு இவள் இடம் கொடுத்தாக வேண்டும். பூர்வீகத்தைப் பெருமையாகப் பேசுகிற வழக்கம் எந்த நாட்டிலும் உண்டு. அந்த வழக்கத்தை இவ்வளவு கூசச் செய்த நாவலை நான் வேறு படித்ததில்லை.

கறுப்புக் குடும்பங்களுக்குள்ளும் ரகசியம் உண்டு. ஆனால் அது பிள்ளைகளைக் காப்பதற்காகப் பொத்தி வைத்த ரகசியம். ஜெஸ்மின் வார்டின் 2017ஆம் ஆண்டு நாவல் 'சிங், அன்பரீட், சிங்'கில் தாத்தா தம் பேரனிடம், தாம் இளமையில் பார்ச்மன் சிறைப் பண்ணையில் அடைபட்டிருந்த கதையைத் தவணை தவணையாகச் சொல்கிறார். முடிவை மட்டும் சொல்வதில்லை. அந்த முடிவை நானும் இங்கே சொல்லப் போவதில்லை.

ரகசியமே இல்லாமல் எல்லோரும் உண்மையை ஒப்புக்கொள்ளும் நாவல் உண்டா?

ஒன்று உண்டு, எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். எர்னஸ்ட் கெயின்ஸ் 1933இல் லூசியானாவின் பாயின்ட் கூபே பகுதியில் ஒரு கரும்புத் தோட்டத்துக் குடியிருப்பில் பிறந்தவர். பிற்காலத்தில் அதே தோட்டத்து நிலத்தில் ஒரு பகுதியை வாங்கி வீடு கட்டி, தாம் சிறுவனாகப் படித்த தேவாலயக் கட்டடத்தையும் தம் கொல்லைக்குப் பெயர்த்துக் கொண்டுவந்தார். 1983இல் அவர் எழுதிய 'எ கேதரிங் ஆஃப் ஓல்ட் மென்' நாவலில் ஒரு வெள்ளை விவசாயி சுடப்பட்டுக் கிடக்கிறார். செய்தி பரவியதும் எழுபது, எண்பது வயதுக் கறுப்புக் கிழவர்கள் ஆளுக்கொரு 12 கேஜ் துப்பாக்கியோடும், ஐந்தாம் எண் தோட்டாவின் சுட்ட வெற்று உறையோடும் வந்து சேர்கிறார்கள். ஷெரீஃப் விசாரித்தால் ஒவ்வொருவரும் "நான்தான் சுட்டேன்" என்கிறார். அடித்துக் கேட்டும் பயனில்லை. ஒவ்வொருவரும் தாம் ஏன் சுட்டிருக்கக்கூடும் என்பதற்கு ஒரு பழைய கதையைச் சொல்கிறார். அன்று நடந்த கொலையைப் பற்றி அவர்கள் சொல்வது பொய். நாற்பது ஐம்பது ஆண்டுகளாக விழுங்கி வைத்திருந்தவற்றைப் பற்றிச் சொல்வது அத்தனையும் உண்மை. முன்னோர் புதைந்த இடுகாட்டின் மேலும் டிராக்டர் ஒருநாள் ஏறிவிடும் என்ற அச்சம் அவர்களுடைய பேச்சில் திரும்பத் திரும்ப வருகிறது.

வெள்ளையராக மாறிவிடும் பாத்திரங்கள் வருவது ஏன்?

நிறம் வெளிறிய கறுப்பர் சிலர் ஊரை விட்டுப் போய் வெள்ளையராகவே வாழ்ந்துவிடுவது உண்மையில் நடந்தது. அதற்கு அவர்கள் கொடுத்த விலை, பெற்ற தாயைக் கூடத் தெருவில் கண்டால் தெரியாதவர் போல் கடந்து போக வேண்டியிருந்தது. தமக்கே தெரியாமல் "மாறி" இருப்பவர்களும் உண்டு. கேட் ஷோபின் 1893இல் எழுதிய ஒரு லூசியானாச் சிறுகதையில், பிறந்த குழந்தையின் நிறத்தைப் பார்த்துக் கணவன் மனைவியைக் கைவிடுகிறான். அவளுடைய உடைமைகளைத் தீயிலிடும்போது அவனுடைய சொந்தத் தாயின் பழைய கடிதம் ஒன்று கைக்கு அகப்படுகிறது.

இவையெல்லாம் கற்பனைதானே, நிஜத்தில் இப்படி நடந்திருக்கிறதா?

தென் கரோலினாவைச் சேர்ந்த ஸ்ட்ராம் தர்மண்ட் 1948இல் இனப் பிரிவினையை முழங்கி அதிபர் பதவிக்குப் போட்டியிட்டவர். 1957இல் குடிமை உரிமைகள் மசோதாவை எதிர்த்து செனட்டில் 24 மணி 18 நிமிடம் தொடர்ந்து பேசியவர். அவர் 100 வயதில், 2003 ஜூனில் இறந்தார். அதே டிசம்பரில் எஸ்ஸி மே வாஷிங்டன்-வில்லியம்ஸ் என்ற 78 வயது ஓய்வுபெற்ற ஆசிரியை, தாம் அவருடைய மகள் என்று அறிவித்தார். தாய் கேரி பட்லர், தர்மண்ட் வீட்டில் வேலை செய்தவர். மகள் பிறந்தபோது அவருக்கு வயது 16. தர்மண்ட் குடும்பம் மறுக்கவில்லை. பல ஆண்டுகளாக மகளுக்குப் பணமும் கொடுத்து வந்திருக்கிறார் தர்மண்ட். பேரேட்டின் 1,000 டாலர் நினைவுக்கு வராமல் இருக்குமா? மாநிலச் சட்டமன்ற வளாகத்தில் உள்ள அவருடைய சிலையின் பீடத்தில் நான்கு பிள்ளைகளின் தந்தை என்று செதுக்கியிருந்தது. 2004இல் எஸ்ஸி மேயின் பெயரைச் சேர்த்து, நான்கை ஐந்தாக்கினார்கள். ஆங்கிலத்தில் இரண்டுமே நான்கெழுத்துச் சொற்கள் என்பதால் அந்த இடத்திலேயே வெட்டித் திருத்த முடிந்தது.

நிலம் ஏன் இத்தனை முறை பேசப்படுகிறது?

விடுதலைக்குப் பின் பெரும்பாலோர் பழைய முதலாளிகளின் நிலத்திலேயே, விளைச்சலில் பங்கு கொடுக்கும் வாரமுறையில் உழுதார்கள்; விதையும் உப்பும் தோட்டக் கடையில் கடன், அறுவடைக்குப் பின் கணக்குப் பார்த்தால் மறுபடியும் கடன். இதையும் மீறி நிலம் வாங்கியவர்கள் உண்டு. 1920இல் கறுப்பர்கள் நடத்திய பண்ணைகள் சுமார் 9,25,000. அவர்களில் பெரும்பாலோர் குத்தகைக்காரர்கள், கால்பங்கு அளவினரே சொந்த நிலம் உடையவர்கள். வெள்ளையர் நடத்தும் நீதிமன்றத்தின் மேல் நம்பிக்கை இல்லாததால் பலர் உயில் எழுதாமலே இறந்தார்கள். நிலம் பாகப்பிரிவினை ஆகாத கூட்டுச் சொத்தாகப் பேரன் பேத்தி வரை நீண்டது. எங்கோ சிகாகோவில் இருக்கும் ஒரு பங்காளியின் பங்கை வெளியாள் வாங்கி, பாகப்பிரிவினை வழக்குப் போட்டு, மொத்த நிலத்தையும் ஏலத்துக்குக் கொண்டுவந்துவிடலாம். யார் யாருக்குப் பிறந்தவர் என்பது இங்கே வம்புப் பேச்சல்ல. பட்டா யாருக்கு என்ற பேச்சு. முன்பு சொன்ன டெய்லரின் நாவலில், பாட்டி 400 ஏக்கரையும் தன் இரு மகன்கள் பெயருக்கு மாற்றிக் கையெழுத்திடும் காட்சியை இதைத் தெரிந்துகொண்டு படியுங்கள்.

விளிச்சொற்களைத் தமிழில் எப்படிப் புரிந்துகொள்வது?

வயதான கறுப்பரையும் வெள்ளையர் பெயர் சொல்லியோ, "பையா" என்றோ, "ஆன்ட்டி", "அங்கிள்" என்றோ அழைத்தார்கள். நம் காதுக்கு இந்தக் கடைசி இரண்டும் மரியாதையாகக் கேட்கும்; அங்கே அவை மிஸ்டர், மிசஸ் என்று சொல்வதைத் தவிர்ப்பதற்கான வழி. 1963இல் அலபாமாவில் மேரி ஹாமில்டன் என்ற போராளியை அரசு வழக்கறிஞர் "மேரி" என்று அழைத்து விசாரித்தார். "மிஸ் ஹாமில்டன்" என்று அழைக்காதவரை பதில் சொல்ல மாட்டேன் என்ற அவருக்கு ஐந்து நாள் சிறையும் 50 டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன. உச்ச நீதிமன்றம் 1964இல் அதை ரத்து செய்தது. மொழிபெயர்க்கும்போது "அத்தை", "மாமா" என்று போடாமல், யார் யாரை "வா" என்கிறார், யார் "வாங்க" என்கிறார் என்ற வேறுபாட்டிலேயே இதைக் காட்டிவிடலாம். அந்த வசதி தமிழுக்கு இருக்கிறது.

இதைச் சாதியோடு ஒப்பிட்டுப் படிக்கலாமா?

ஒப்பிடுவது புதிதல்ல. மிசிசிப்பியின் நாட்செஸ் நகரில் ஆய்வு செய்து 1941இல் வெளிவந்த 'டீப் சவுத்' என்ற மானுடவியல் நூலே சாதி என்ற சொல்லைத்தான் பயன்படுத்தியது. அந்த ஆய்வை ஒரு கறுப்பினத் தம்பதியும் ஒரு வெள்ளையினத் தம்பதியும் சேர்ந்து செய்தார்கள். ஊரில் வெளிப்படையாகச் சந்திக்கக் கூட முடியாத நிலை. அம்பேத்கர் 1946இல் அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டபிள்யூ. இ. பி. டு போய்ஸுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆனால் நாவல் படிக்கும்போது உடனே நம் ஊருக்குத் தாவிவிட்டால், அந்த ஊரின் சட்டமும் மண்ணும் கண்ணில் படாமல் போய்விடும். முதலில் அங்கேயே இருந்து படித்து முடிப்பது நல்லது.

எதிலிருந்து தொடங்கலாம்? பலரும் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' என்கிறார்களே?

ஹார்ப்பர் லீயின் அந்த 1960ஆம் ஆண்டு நாவல் எளிதாக வசப்படும், படியுங்கள். ஆனால் அதில் பொய்க் குற்றம் சாட்டப்பட்ட டாம் ராபின்சனின் வீட்டுக்குள் நாம் ஒருமுறையாவது உட்கார்ந்து பேச முடிகிறதா என்று கவனியுங்கள். என் வரிசை வேறு: முதலில் கெயின்ஸின் கிழவர்கள், அடுத்து டெய்லர், பிறகு 'கிண்ட்ரெட்'. ஃபாக்னரைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். வாக்கியங்கள் பக்கக்கணக்கில் ஓடும். 'அப்சலோம்' நாவலின் இறுதியில் அவரே ஒரு காலவரிசையும் வம்சப் பட்டியலும் கொடுத்திருக்கிறார். அதை முன்கூட்டியே பார்ப்பது குறுக்கு வழியல்லவா என்று ஒரு நண்பர் கேட்டார். தாராளமாகப் பாருங்கள், நான் இரண்டாம் முறை படித்தபோதும் அந்தப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டுதான் படித்தேன்.